ஊசிக்கு முன்னே உருவப்படம்

அறுபதைக் கடந்த ஆடவர் பலர் சொந்த வீட்டாரிடத்தும் சொல்லக் கூசும் நோய் ஒன்று உண்டு. அது புரோஸ்டேற் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய். அச்சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து அமைந்தது. ஏறக்குறைய ஒரு கமுகம்பழத்தின் அளவுடையது. இரவிற் பன்முறை எழுந்து சிறுநீர் கழிப்போருட் பலருக்கு உள்ளது முதுமையால் வந்த வீக்கமேயன்றிப் புற்றுநோயன்று. புற்றுநோயோ தொடக்கத்திற் பெரும்பாலும் அடையாளம் எதனையும் காட்டுவதில்லை. ஆகவே அதனைக் கண்டறிதல் எளிதன்று.

நெடுங்காலமாக நிகழ்ந்தது யாது? இரத்தத்திற் பி.எஸ்.ஏ. என்னும் புரதம் மிகுந்திருப்பின், வைத்தியர் மலக்குடல் வழியாக ஊசி செலுத்திச் சுரப்பியின் பத்துப் பன்னிரண்டு இடங்களிலிருந்து இழையத் துணுக்குகளை எடுப்பர். அவர்க்கு வழிகாட்டிய அல்ட்ராசவுண்ட் படம் சுரப்பியின் வடிவைக் காட்டிற்று; புற்று இருக்குமிடத்தைத் தெளிவாகக் காட்டவில்லை. இதனாற் கொடிய கட்டி தப்புவதும், தீங்கு செய்யாச் சிறு புற்று அகப்படுவதும் உண்டாயின.

இந்நிலையை மாற்றியது, காந்தப்புலத்தின் துணையாற் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவி. பிரித்தானியாவில் 576 ஆடவரிடம் நடத்தப்பெற்ற 'புறோமிஸ்' என்னும் ஆய்வின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அபாயமான புற்றுடையோர் நூற்றுவரில் 93 பேரை எம்.ஆர்.ஐ. இனங்காட்டியது, பழைய ஊசிமுறையோ 48 பேரையே காட்டியது. முதலிற் படமெடுத்தால் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஊசியே வேண்டியதில்லை என்பதும் புலனாயிற்று. எனினும், படம் ஐயுறும் இடமெல்லாம் புற்றன்று. ஐயத்துக்குரிய இடத்தை நோக்கி ஊசி செலுத்திய பின்னரே முடிவு கூறலாம்.

புற்று என்றதும் கத்தியை நாடவேண்டுமா? சுரப்பிக்குள் அடங்கிய புற்றுடைய 1,643 பேரைப் பிரித்தானியாவிற் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. சத்திரசிகிச்சை பெற்றோர், கதிர்ச் சிகிச்சை பெற்றோர், முதலிற் கண்காணிப்பில் வைக்கப்பெற்றோர் ஆகிய முத்திறத்தாரிலும் இந்நோயால் இறந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவரே. சுரப்பியை முற்றாக அகற்றினால் சிறுநீர் கசிதலும் ஆண்மைக் குறைவும் நேரக்கூடும். எனவேதான், தகுந்த சிலருக்குக் கட்டியுள்ள பகுதியை மட்டும் செறிவான ஒலியலைகளாற் சுட்டோ, உறையவைத்தோ அழிக்கும் முறைகள் தோன்றின. இவற்றால் நரம்புகளுக்கு நேரும் கேடு குறைகின்றது. ஆயினும் எஞ்சிய பகுதியிற் புற்று மீளலாம். தொடர்ந்த பரிசோதனை இன்றியமையாதது. நெடுங்காலப் பயன் பற்றிய சான்றும் இன்னும் நிறைவுறவில்லை.

தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருப்பின் ஒருவருக்கு அபாயம் கூடும். அத்தகையோர் நாணத்தை விடுத்து வைத்தியரை நாடுதல் வேண்டும். "ஊசிக்கு முன் படம் எடுக்கலாமா? எனக்கு வந்திருப்பது உடனே அகற்றவேண்டியதா, கண்காணிக்கத்தக்கதா?" என இரண்டு வினாக்களைக் கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. காலத்தே கேட்ட கேள்வி உயிரையும் காக்கும். உயிரோடு வாழும் வாழ்வின் நலத்தையும் காக்கும்.