தோட்டத்து மேட்டுக்கும் ஆற்றுக்கும் பெயர் உண்டு: எழுதி வைப்பது எப்படி?

தீபகற்ப மலேசியாவில் மாவட்டங்கள் பொதுவாகப் பல முக்கிம்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நிலப்பட்டாவில் முக்கிமின் பெயரும் லாட் எண்ணும் இருக்கும். நில அளவைத் துறையான ஜூபெம் வெளியிடும் 1:50,000 வரைபடத்தில் அங்குள்ள முக்கிய மலைகளும் ஆறுகளும் ‘புக்கிட்’, ‘சுங்கை’ என்ற சொற்களோடு காணப்படும். அந்த வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். தோட்டத்துக்குள் ஓடும் சிற்றாறும், நம் பெற்றோர் பால் வாளியோடு ஏறி இறங்கிய மேடும் அதில் பெயரோடு இடம்பெறுவது அரிது.

தோட்ட நிர்வாகமும் பெயர்களை எழுதவில்லை. மரம் வெட்டும் நிரைகளுக்கு எண்ணும் நடவு ஆண்டும் போதும் என்று விட்டது. கோயில் ஆறு, சுடுகாட்டு மேடு, பம்பு வீட்டுப் பள்ளம் போன்ற பெயர்களை வைத்தவர்கள் தொழிலாளர்களே. அவை வாய்வழியாகவே வழங்கின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. மேடு சமன் செய்யப்பட்டு, ஆறு கால்வாயாக மாறினால், பெயரைச் சொல்ல அந்தப் பெரியவர்கள் மட்டுமே மிச்சம்.

காரணம் மறைந்தால்

பத்துமலையைப் பாருங்கள். மலையருகே ஓடும் சுங்கை பத்து ஆற்றிலிருந்தே அப்பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். மலாயில் ‘பத்து’ என்றால் கல். தமிழ்க் காதுக்கு அது எண்ணாகக் கேட்பதால், பத்தாவது மலை என்று சொல்வோரும் உண்டு. இவ்வளவு புகழ்பெற்ற மலைக்கே இப்படி என்றால், யாருக்கும் தெரியாத தோட்டத்து ஆற்றுக்கு என்ன ஆகும்?

பினாங்கின் தண்ணீர்மலை இன்னொரு வகை. அருவியை ஒட்டி நம்மவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் அது. தைப்பூசம் தோறும் மக்கள் சொல்லிச் சொல்லியே அது நிலைத்தது. ஆறாங்கட்டை, ஏழாங்கட்டை என்ற பெயர்களோ மைல் கற்களைக் கொண்டு வந்தவை. சாலைகள் கிலோமீட்டருக்கு மாறிய பின் பிறந்தவர்களுக்கு ‘கட்டை’ எதைக் குறிக்கிறது என்று விளக்க வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

முடிந்தால் பெரியவரை அந்த இடத்துக்கே அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்டால் நான்கு பெயர் வரும். நேரில் பார்த்தால் நாற்பது நினைவுக்கு வரலாம்.

அவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, அவர் உச்சரித்தபடியே எழுதுங்கள். இலக்கணத் தமிழுக்கு மாற்ற வேண்டாம்.

கைப்பேசி காட்டும் இட அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்த ஆண்டுகளில் அங்கு வாழ்ந்தார் என்பதும் வேண்டும்.

அதே இடத்துக்கு மலாய்க்காரர், சீனர், பூர்வகுடியினர் வழங்கும் பெயரையும் கேளுங்கள். ஒரே ஆற்றுக்கு மூன்று பெயர் இருந்தால் மூன்றையும் எழுதுங்கள். நம் பெயர்தான் முதல் பெயர் என்று வாதிட வேண்டியதில்லை.

பெயர் வந்த காரணத்தைத் தனியாக எழுதுங்கள். இருவர் இரு காரணம் சொன்னால் இரண்டும் இருக்கட்டும். நாமாக ஒன்றைச் சேர்க்கக்கூடாது.

எழுதியதைக் கோயில் நிர்வாகத்திடமும் தமிழ்ப்பள்ளியிலும் ஆளுக்கொரு படி கொடுத்து வையுங்கள். நகரத்துக்கு இடம் மாறிய பின்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் பள்ளிகள் பல உண்டு. மாணவர்களுக்கு அந்தப் பெயரின் பின்னணி தெரியட்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில், ஓர் இடத்தின் தமிழ்ப் பெயரை மற்ற பெயர்களோடு யாரும் சேர்க்கலாம்.

தீபாவளிக்குக் குடும்பம் கூடும்போது ஒரு தாளில் பழைய தோட்டத்தைத் தாத்தா பாட்டியிடம் வரையச் சொல்லுங்கள். லயம் எங்கே, கோயில் எங்கே, ஆறு எந்தப் பக்கம் என்று அவர்கள் காட்டக் காட்டப் பெயர்கள் தாமாக வரும்.