கோப்பு முறைமைக் கண்காணிப்பு (ஜாவா)

ஜாவா நிரலாக்கத்தில் கோப்பு முறைமைக் கண்காணிப்பு என்பது, ஓர் அடைவில் கோப்புகள் உருவாக்கப்படுவதையும் மாற்றப்படுவதையும் அழிக்கப்படுவதையும் இயங்கும் நிரல் அறிந்துகொள்ளும் முறையாகும். 2011 இல் வெளியான ஜாவா 7 இல் இதற்கென வாட்ச்சர்வீஸ் என்னும் இடைமுகம் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர், கோப்புகளின் திருத்த நேரத்தை நிரலே மீண்டும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

இடைமுகம் எல்லா இயங்குதளங்களிலும் ஒன்றே, நடத்தை ஒன்றன்று. லினக்சில், 2005 இல் கருனியின் 2.6.13 பதிப்பில் இணைந்த ஐநோட்டிஃபை பயன்படுகிறது. விண்டோசிலும் இயங்குதளமே அறிவிக்கிறது. மாக் கணினிகளில் எஃப்எஸ்ஈவென்ட்ஸ் வசதி 2007 முதல் இருந்தும், ஓபன்ஜேடிகே நெடுங்காலம் அதைப் பயன்படுத்தாமல், சில நொடிகளுக்கு ஒருமுறை அடைவைச் சோதித்து வந்தது. அந்த இடைவெளிக்குள் தோன்றி மறையும் கோப்பு நிரலின் கண்ணில் படாது.

பதிவு செய்யப்பட்ட அடைவு மட்டுமே கண்காணிக்கப்படும். எடுத்துக்காட்டாக, 'நாஞ்சில்நாடு' அடைவைப் பதிந்தால், அதனுள் இருக்கும் 'தோவாளை' அடைவில் சேரும் கோப்பின் பெயர் கிடைக்காது. பொதுவாக ஒவ்வொரு துணை அடைவையும் தனியே பதிய வேண்டும். நிகழ்வுகள் அளவுமீறிக் குவிந்தால் சில இழக்கப்படலாம். அப்போது ஓவர்ஃப்ளோ என்னும் குறிப்பு மட்டுமே வரும். பல நிரல்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அடைவு முழுவதையும் மீண்டும் படித்தாலன்றி, விடுபட்டவை எவை என அறிய இயலாது.