பதில் சொல்லாத நெட்வொர்க் கார்டு

நெட்வொர்க் கார்டின் நிலையை, அதிலுள்ள ரிஜிஸ்டர்களைப் படித்துத்தான் டிரைவர் புரோகிராம் அறிகிறது. கார்டு ஸ்லாட்டில் தளர்ந்து தொடர்பு அறுந்தால்? பெரும்பாலான பிசிக்களில் பிழைச் செய்தி வராது. 32 பிட்களும் 1 ஆக, அதாவது 4294967295 என்ற எண் வரும். ஒரு பிட் 0 ஆகட்டும் என்று காத்திருக்கும் டிரைவர், காத்துக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரும் உறைந்து நிற்கலாம்.

டிரைவர் எழுதும் நான் இந்த எண்ணை உடனே நம்புவதில்லை. சில ரிஜிஸ்டர்களில் அது சரியான மதிப்பாகவும் இருக்கலாம். எனவே, அப்படி வரவே முடியாத வேறொரு ரிஜிஸ்டரைப் படிப்பேன். அதிலும் எல்லாம் 1 என்றால், கார்டைத் தொடுவதையே டிரைவர் நிறுத்திவிடும். லினக்ஸில் இன்டெல் கார்டுகளுக்கான ஐஜிபி டிரைவரும் இதே முறையில் சோதிக்கிறது.

வேலை செய்துகொண்டிருந்த கார்டு திடீரென மறைந்தால், டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்யும் முன், கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளைக் கழற்றி, கார்டை ஸ்லாட்டில் சரியாகப் பொருத்திப் பாருங்கள்.