பிடித்த வகுப்பும் பிடிக்காத வகுப்பும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

மாணவர் இருவர் சந்தித்தால் பேச்சு வகுப்பைப் பற்றித்தான் வந்து நிற்கும். "அந்த வகுப்பா? மணி அடித்ததே தெரியவில்லை" என்பான் ஒருவன். "இந்த வகுப்பா? மணி அடிக்கவே மாட்டேன் என்கிறது" என்பான் மற்றவன். காரணம் கேட்டால், பாடம் எளிது அல்லது கடினம் என்பார்கள். அது முழு உண்மையன்று என்பது என் கருத்து. என்னுடைய இரு வகுப்புகளைச் சான்றாக வைத்து அதனை விளக்க முற்படுகிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது துணைப்பாடமான வரலாறு. பிடிக்காதது முதன்மைப் பாடங்களுள் ஒன்றான புள்ளியியல். "பையன் கணக்குக்குப் பயந்தவன்" என்று சிலர் நகைக்கக்கூடும். ஆனால் இம்மூன்றாண்டுகளில் நான் ஆசையோடு போட்ட கணக்கு, வரலாற்று வகுப்பில் போட்டதுதான்!

நம் மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் உள்ளது. ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே திருமால் கோயிலும், அதனோடு ஒரு சாலையும் அமைத்தான். இங்கே சாலை என்பது வழியன்று, கல்விக்கூடம். 95 மாணவர்க்கு அங்கே இடம் இருந்தது. வேதப் பிரிவுகள் மூன்றுக்கு 45, 36, 14 என அவ்விடங்களைப் பங்கிட்டிருந்தனர். புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையே இதற்கு முன்மாதிரி. அந்தக் காந்தளூர்ச் சாலையைப் பற்றி நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தனி நூலே எழுதியிருக்கிறார்.

பார்த்திவசேகரபுரச் சாலையைப் பற்றிய செய்திகளைத் தருவது ஹஸூர் செப்பேடு. அது காலத்தைக் கலியுகத்தின் நாள் எண்ணாகச் சொல்கிறது. எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் 14,49,087 என்று எழுதினார். "இது எந்த ஆண்டு? கண்டுபிடியுங்கள்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

ஆண்டுக்கு 365¼ நாள் என்று வகுத்தோம். 3967 ஆண்டும் ஏறத்தாழ 140 நாளும் வந்தன. கலியுகம் கி.மு. 3102 பிப்ரவரி 18-இல் தொடங்கியது என்பது மரபுக் கணக்கு. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே சுழி ஆண்டு கிடையாது; ஆகவே 3967-இலிருந்து 3102-ஐ அன்று, 3101-ஐக் கழிக்க வேண்டும். விடை 866. பிப்ரவரி 18-லிருந்து 140 நாள் தள்ளினால் ஜூலை. "கி.பி. 866, ஜூலை!" என்று பின்வரிசையிலிருந்தே முதலில் குரல் வந்தது.

புள்ளியியல் வகுப்பிலும் நாங்கள் வகுக்கத்தான் செய்தோம். ஆனால் அங்கே சூத்திரம் முதலில் வந்தது. கேள்வி வரவே இல்லை. எங்கோ ஓர் ஆலை, ஏதோ ஒரு பொருள், சில எண்கள். திட்ட விலக்கம் காண்க! கண்டோம். எதற்காகக் கண்டோம் என்பது தெரியாது. ஐந்து அலகுகளை ஒரு பருவத்துக்குள் முடித்தாக வேண்டிய ஆசிரியரை மட்டும் இதற்குக் குறை கூறுவது நியாயமன்று.

அதே பாடத்தை வேறு விதமாகத் தொடங்கிப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. அதனால்தான் கன்னி மாதமாகிய புரட்டாசியில் அறுக்கும் கன்னிப்பூவும், கும்ப மாதமாகிய மாசியில் அறுக்கும் கும்பப்பூவும் நமக்கு வாய்த்தன. இப்போது இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்வோம். ஓர் ஊரில் மூன்றாண்டு மழை 90, 100, 110 செ.மீ.; மற்றதில் 40, 100, 160 செ.மீ. சராசரி இரண்டுக்கும் 100-தான். ஆனால் எந்த ஊரில் நம்பி விதைக்கலாம்? சராசரி வாய் திறக்காது. திட்ட விலக்கம் முதல் ஊருக்குச் சுமார் 8, இரண்டாம் ஊருக்குச் சுமார் 49 என்று சொல்லிவிடும். வயலில் நிற்கும் அப்பாவுக்கு இது புரியும், எனக்கும் புரிந்திருக்கும்.

இது வெறும் விருப்புவெறுப்புப் பற்றிய பேச்சன்று. எங்கள் வகுப்பில் ரப்பர் பால் வெட்டுபவரின் மகள் இருக்கிறாள். கடலுக்குப் போகிறவரின் மகன் இருக்கிறான். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் தலைமுறை அவர்கள்தாம். இந்த ஒரு தாளில் மட்டும் பலருக்கு அரியர். அரியர் நின்றால் பட்டம் நிற்கும். பட்டம் நின்றால், பட்டதாரிகளுக்கான தேர்வாணையத் தேர்வும் எட்டாது.

பார்த்திவசேகரபுரத்தின் 95 இடங்களும் வேதம் ஓதுவோர்க்கே உரியவை. மற்றையோர்க்கு அச்சாலையின் கதவு திறக்கவில்லை. இன்று அரசுக் கல்லூரியின் கதவு எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. உள்ளே வந்தவர்களைப் பாதியிலேயே திரும்பிப் போகாமல் காப்பது வகுப்பறையின் கடமை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் அலகையும் நம் மண்ணிலிருந்து எடுத்த ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். சூத்திரம் பிறகு வரட்டும். மாணவத் தோழர்களே, கேள்வி வராத வகுப்பில் "இது எதற்கு, ஐயா?" என்று நாமே எழுந்து கேட்போம். வரும் பருவத்தில் முதலில் எழுந்து நிற்க நான் அணியமாக இருக்கிறேன்.