காமாலையும் கீழாநெல்லியும்: சென்னை வளர்ப்பு நாய்களின் மருத்துவத்தில் நோய்ப்பெயரும் நோய்க்காரணமும்

ஆய்வுச்சுருக்கம்

தென்சென்னை, மத்தியச் சென்னைப் பகுதிகளில் வளர்ப்பு நாய்களுக்கு வழங்கப்பெறும் கைவைத்தியம், நாய்க்கென உருவான மரபு மருத்துவம் அன்று. அது மனிதர்க்கும் மாட்டிற்கும் உரிய மருந்துகள் நாய்க்கு இடம்பெயர்ந்ததால் அமைந்தது. நோய்க்குறியின் பெயரே இவ்விடப்பெயர்ச்சிக்குப் பாலமாகிறது. காமாலை, உண்ணிக் காய்ச்சல், சொறி ஆகிய மூன்றினைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வாகடம், கைவைத்தியம், கீழாநெல்லி, உண்ணிக் காய்ச்சல், வெறிநோய், கால்நடை மருத்துவம்.

முன்னுரை

மயிலாப்பூர்க் கச்சேரி சாலையில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் டப்பா செட்டிக் கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகள் மனிதர்க்கான மருந்துச் சரக்குகளை விற்பவை. அங்கு வாங்கிய கத்தூரி மஞ்சளும் வேப்பெண்ணெயும் வீட்டு நாய்க்கும் பயன்படுவதுண்டு. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நாய் வளர்ப்போரிடையே முதலில் கைவைத்தியம், அது பலிக்காதபோது கால்நடை மருத்துவர் என்னும் வரிசை பழகிய ஒன்று. ‘மாற்று மருத்துவம்’ என்னும் இன்றைய தொடர் இவ்வரிசையைத் தலைகீழாகக் காட்டுகிறது. இவ்வீடுகளைப் பொறுத்தவரை முன்னது மூலிகையே. கால்நடை மருத்துவமே மாற்றாக வந்துசேர்கிறது. எனவே மூலிகையா, மாத்திரையா என்று கேட்பதைவிட, இம்மருந்து எந்த உடலுக்கு, எந்த நோய்க்கு உருவானது என்று கேட்பதே பொருத்தமாகும்.

நாய்க்கு வாகடம் இல்லாமை

தமிழில் கால்நடை மருத்துவ நூல்மரபு வளமானது. மாட்டுவாகடங்கள் சுவடிகளாகவும் அச்சு நூல்களாகவும் கிடைக்கின்றன. குதிரை, யானை ஆகியவற்றைப் பற்றிய சாத்திர நூல்களும் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வழி அச்சேறியுள்ளன. உழவுக்கும் போருக்கும் பயன்பட்ட விலங்குகளுக்கே இம்மரபு உரியதாயிற்று. நாய்க்கென அத்தகைய நூல்மரபு தமிழில் வலுப்பெறவில்லை.

நாயைத் தமிழர் பொருட்படுத்தவில்லை என்பது இதன் பொருளன்று. சங்க இலக்கியம் வேட்டை நாயை ஞமலி, ஞாளி என்னும் பெயர்களால் சுட்டுகிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல், கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் பதிவு செய்துள்ளது. கல்லில் பெயர் பெற்ற நாய்க்குச் சுவடியில் மருந்து எழுதப்படவில்லை. மருத்துவ நூல்களில் நாய் பெரும்பாலும் நச்சு மருத்துவப் பகுதியில், கடிக்கும் விலங்காகவே இடம்பெறுகிறது. அங்கு நோயாளி கடிபட்ட மனிதரே. ஆகவே ‘நம் முன்னோர் நாய்க்குக் கொடுத்த மருந்து’ என்று இன்று வழங்குவனவற்றுள் பலவற்றிற்கு நூல்வழிப் பின்புலம் மெலிந்தே காணப்படுகிறது.

மாட்டு மருத்துவத்தின் நிலை வேறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி மரபுவழிக் கால்நடை மருத்துவத்தைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் என்று அளவு வரையறுத்த மருந்தைத் தேசியப் பால்வள வாரியமும் பரப்பிவருகிறது. நோய், உடல், அளவு, பூசும் இடம் ஆகிய நான்கும் இதில் தெளிவாக உள்ளன. நாய்க்கான கைவைத்தியத்தில் இந்நான்கும் ஒருங்கே அமைவது அரிது.

காமாலை என்னும் சொல்

நாயின் கண்ணும் ஈறும் மஞ்சளாகத் தோன்றினால் ‘காமாலை’ என்று பெயரிடுகின்றனர். பெயர் கிடைத்தவுடன் கீழாநெல்லியும் உடன் வருகிறது. இம்மூலிகையின் புகழுக்குச் சென்னையிலேயே அறிவியல் பின்னணி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பர்க்கும் உள்ளிட்ட ஆய்வுக்குழு 1988இல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வினை வெளியிட்டது. கல்லீரல் அழற்சி ‘பி’ நச்சுயிரியைச் சுமந்தவர்களுள் கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் குருதியில் அந்நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாகவும், வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு நிகழ்ந்ததாகவும் அக்கட்டுரை கூறியது. பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் இம்முடிவை உறுதிப்படுத்தவில்லை.

அம்முடிவு முழுவதும் உண்மையென்றே கொண்டாலும் அது நாய்க்குப் பொருந்தாது. அவ்வாய்வு எடுத்துக்கொண்டது மனிதரைப் பற்றும் ஒரு நச்சுயிரியை. நாய்க்கு மஞ்சள் நிறம் ஏற்படக் காரணங்கள் வேறு: எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீர் வழிப் பரவும் லெப்டோஸ்பைரா என்னும் நுண்ணுயிரி, உண்ணிவழிப் புகுந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும் பபேசியா, நாய்க்கே உரிய அடினோ நச்சுயிரி, பித்தநாள அடைப்பு. இவற்றுள் லெப்டோஸ்பைரா நோய்க்கு உரிய காலத்தில் பெனிசிலின் அல்லது டாக்சிசைக்ளின் அளிக்கப்பட வேண்டும். தாமதித்தால் சிறுநீரகம் செயலிழக்கும். மாதவரத்தில் இந்நோய்க்கெனப் பல்கலைக்கழகத்தின் தனி ஆய்வுக்கூடமே உள்ளது. வடகிழக்குப் பருவமழையில் தெருக்களில் நீர் தேங்கும் நகரத்திற்கு இது மிகையன்று.

இந்நோய் நாயின் சிறுநீர்வழி மனிதரையும் பற்றும். பத்தியம் வைத்துக் கீழாநெல்லி கொடுக்கும் ஐந்து நாள்களில் நாயின் சிறுநீரகம் கெடுவதோடு, அதன் சிறுநீரைத் துடைக்கும் வீட்டாரும் நோய்த்தொற்றுக்கு ஆளாகலாம். ‘காமாலை’ என்பது நோயின் பெயரன்று, நோய்க்குறியின் பெயர். குறியின் பெயர் மனிதர்க்கும் நாய்க்கும் பொதுவாக இருப்பதாலேயே மருந்தும் பொதுவாகிவிடுகிறது.

உண்ணிக் காய்ச்சலும் பப்பாளி இலையும்

வெப்பமும் ஈரமும் மிகுந்த சென்னையில் பழுப்பு நாயுண்ணி ஆண்டு முழுதும் பெருகுகிறது. அது பரப்பும் எர்லிக்கியா நோய்க்கும் இந்நகரத்திற்கும் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் இந்நோய் குறித்த முதற்பதிவு, 1944இல் சென்னையிலிருந்து முதலியார் என்னும் ஆய்வாளர் எழுதியதென்று கால்நடை மருத்துவ இலக்கியம் தொடர்ந்து சுட்டுகிறது.

இந்நோயில் இரத்தத் தட்டணுக்கள் பெரிதும் குறையும். ஆய்வுக்கூட அறிக்கையில் ‘தட்டணுக் குறைவு’ என்று கண்டவுடன் வீட்டார் நினைவுக்கு வருவது டெங்குவே. 2012இல் டெங்கு பரவியபோது தமிழக அரசு நிலவேம்புக் குடிநீர், பப்பாளி இலைச்சாறு, மலைவேம்பு இலைச்சாறு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அப்பழக்கம் நாய்க்கும் நீண்டது. இங்கும் பாலமாக அமைந்தது நோய்க்குறியே. ஆனால் இம்முறை அது நாட்டு வழக்கிலிருந்து வராமல் குருதி அறிக்கையிலிருந்து வந்தது.

பப்பாளிச் சாறு பலித்ததாகப் பலர் நம்புவதற்கு நோயின் போக்கே காரணம். எர்லிக்கியாவின் கடுமையான கட்டம் இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கும். அதன்பின் மருந்தின்றியும் பல நாய்களுக்குக் காய்ச்சல் தணிந்து, தட்டணுக்கள் ஓரளவு உயர்ந்து, உணவில் விருப்பம் திரும்பும். நோய் நீங்கியதாக வீட்டார் மகிழ்வர். உண்மையில் நுண்ணுயிரி உடலுக்குள் தங்கி, வெளித்தோன்றாக் கட்டத்தில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ நீடிக்கிறது. சில நாய்களில் அது எலும்பு மச்சையை அழிக்கும் நாட்பட்ட கட்டமாக முற்றுகிறது. அந்நிலையில் டாக்சிசைக்ளினாலும் மீட்பது கடினம். முதல் முறை ‘குணமான’ நாய் மறு ஆண்டு மூக்கில் குருதி வடிய வருமாயின், இரண்டிற்கும் உள்ள தொடர்பு வீட்டாருக்குத் தெரிவதில்லை.

இக்குறை மூலிகை கொடுப்போருக்கு மட்டும் உரியதன்று. டாக்சிசைக்ளினை 28 நாள் கொடுக்க வேண்டும் என்பது வழக்கமான பரிந்துரை. மாத்திரை தொடங்கிய இரண்டொரு நாளிலேயே காய்ச்சல் இறங்கிவிடுவதால் ஒரு வாரத்தோடு நிறுத்துவோரும் பலர். குறி மறைந்தால் நோய் மறைந்தது என்னும் எண்ணமே இரண்டிற்கும் அடிப்படை.

சொறி: மரபு நெருங்கிவரும் இடம்

தோல்நோயில் மரபு மருந்தின் வாதம் வலுவானது. வேப்பிலை, மஞ்சள் அரைப்பைச் சிரங்கு நோயுற்ற 814 மனிதர்க்குப் பூசியதில் 97 விழுக்காட்டினர் 15 நாள்களுக்குள் குணமடைந்ததாக 1992இல் ஒரு முன்னோடி ஆய்வு வெளிவந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வாயினும் இதனைப் புறந்தள்ள இயலாது. சித்த மருத்துவம் போற்றும் கந்தகத்தை நவீன கால்நடைத் தோல்மருத்துவமும் சுண்ணாம்புக் கந்தகக் கரைசலாக இன்றும் பயன்படுத்துகிறது.

ஆயின் நாயின் ‘சொறி’ ஒன்றன்று. சார்காப்டிசு என்னும் சிற்றுண்ணி தோலின் மேலடுக்கில் துளையிட்டு வாழ்வது. பூச்சு அதனை எட்டக்கூடும். டெமோடெக்சு மயிர்க்கால்களின் ஆழத்தில் வாழ்வது. அதன் பெருக்கம் நாயின் நோயெதிர்ப்புக் குறையோடு தொடர்புடையது. அங்கு மஞ்சள் பூச்சு எட்டுவதில்லை. இரண்டையும் பிரித்தறியத் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் காண்பதே போதும். செலவு குறைந்த சோதனை அது. அதனைச் செய்யாமல் அரிப்புக்கு இசுடீராய்டு ஊசி போடும் மருத்துவம், நவீனமே ஆயினும், டெமோடெக்சைப் பெருகச் செய்கிறது. சரியாகப் பூசிய வேப்பிலை அதைவிடத் தீங்கற்றது என்று துணிந்து கூறலாம்.

உடல் வேறுபாடு

பூசியதை நக்கி விழுங்குவது நாயின் இயல்பு. புறமருந்து இவ்வாறு அகமருந்தாகிவிடுகிறது. வேப்பெண்ணெயை உட்கொண்ட குழந்தைகள் மூளை, கல்லீரல் பாதிப்புக்கு உள்ளானதை மலேசியாவிலிருந்து 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியான குறிப்பு பதிவு செய்தது. சிறு நாயின் எடை கைக்குழந்தையின் எடையே. கற்பூரம் கலந்த எண்ணெய்களும் இவ்வாறே ஆபத்தானவை. உண்ணியை விரட்டுமென்று பூண்டும், சளிக்கென்று சின்ன வெங்காயச் சாறும் கொடுப்பது மனிதருக்குப் பழகிய வழக்கம்; இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் குருதிச்சோகையை உண்டாக்கும்.

மனிதர்க்கான மாத்திரைகளும் இவ்வகையினவே. மூட்டுவலிக்கு வீட்டிலிருக்கும் ஐபுபுரோஃபன் மாத்திரையைக் கொடுத்தால் நாயின் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் விளையும். ஓர் உயிரினத்திற்கு மருந்தாவது இன்னொன்றுக்கு நஞ்சாவதற்கு இந்தியாவே பெருஞ்சான்று தந்தது. மாடுகளுக்கு அளித்த டைக்குளோஃபெனாக், அம்மாடுகளின் சடலத்தை உண்ட பாறுக் கழுகுகளைப் பெருமளவில் கொன்றதால், 2006இல் கால்நடைப் பயன்பாட்டிற்குத் தடை செய்யப்பட்டது.

வெறிநோய்

வெறிநோயில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. குறிகள் தோன்றியபின் நாயைக் காப்பாற்ற எம்மருத்துவத்தாலும் இயலாது, தடுப்பூசியே வழி. இவ்வழியும் குறையின்றி வந்ததன்று. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய ஆட்டுமூளைத் தடுப்பூசி, 1907இல் நிறுவப்பட்ட குன்னூர் பாசுச்சர் நிறுவனத்திலும் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டு, மனித உயிர்களைக் காத்தது. அதே ஊசி சிலருக்கு நரம்புவாதத்தையும் தந்தது. அத்தீங்கு எண்ணிக்கையாகப் பதிவு செய்யப்பட்டதனால்தான் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டு, உயிரணு வளர்ப்புத் தடுப்பூசிகள் அதன் இடத்தைப் பெற்றன. கைவைத்தியத்தில் பலித்தது பேசப்படுகிறது. பலிக்காதது எங்கும் எழுதப்படுவதில்லை.

அவ்வெழுத்து தொடங்கக்கூடிய இடம் மருத்துவரின் நோயாளிக் குறிப்பேடு. 1903இல் தொடங்கிய வேப்பேரிச் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ மயிலாப்பூர், அடையாற்றுத் தனியார் மருத்துவரிடமோ வரும் நாய்க்கு வீட்டில் என்ன கொடுக்கப்பட்டது, எவ்வளவு, எத்தனை நாள் என்று குறிக்கப்பெறுமாயின் இருவகைப் பயன் உண்டு. மஞ்சளோ கீழாநெல்லியோ நாயின் உடலில் உண்மையில் என்ன செய்கின்றன என்பதற்கு முதல்நிலைத் தரவு கிட்டும். கண்டிப்புக்கு அஞ்சி வீட்டார் மறைத்த பூண்டோ வலி மாத்திரையோ, குருதிச்சோகைக்கும் வாந்திக்கும் காரணமாக அன்றே தெரியவரும்.