அடைத்த கதவும் அழையாத விருந்தினனும்

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ‘சிவப்புச் சாவின் முகமூடி விருந்து’ என்னும் சிறுகதை, மரணம் தவிர்க்க முடியாதது என்பதற்கு எடுத்துக்காட்டாகவே பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. அதன் முரண்நகையோ இன்னும் கூர்மையானது.

கொள்ளைநோயால் நாடு பாதி வெறுமையான வேளையில், இளவரசன் பிராஸ்பரோ ஆயிரம் அரசவை நண்பர்களோடு கோட்டை போன்ற மடமொன்றில் புகுந்து, இரும்புக் கதவுகளின் தாழ்களைப் பற்றவைத்து அடைக்கச் செய்கிறான். ஐந்தாறு மாதங்களுக்குப்பின் ஏழு அறைகளில் முகமூடி விருந்து நடக்கிறது. கருங்காலிக் கடிகாரம் மணியடிக்குந்தோறும் இசை நின்றுபோகிறது. நள்ளிரவில், அந்நோயால் மாண்டவனின் கோலத்தில் ஓர் உருவம் தோன்றுகிறது. உடைவாளுடன் துரத்திய இளவரசன் கறுப்பறையில் விழுந்து மடிகிறான். உருவத்தைப் பற்றியவர்கள், வேடத்தினுள்ளே ஒருவரும் இல்லாமை கண்டு திகைக்கின்றனர்.

நோக்கமும் விளைவும் எதிரெதிராய் நிற்பதே முரண்நகை. சாவை வெளியே நிறுத்த வைத்த தாழ், உள்ளிருந்தோர் தப்பவொட்டாத சிறைத்தாழாயிற்று. யாவரும் முகமூடி அணிந்த மண்டபத்தில், சாவு ஒன்றே தன் சொந்த உருவில் வந்தது. நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன் ‘காலனும் கிழவியும்’ கதையில் இந்நகையைத் தலைகீழாக்கினார். மதிலேதுமற்ற கிழவி, காலனுடைய ஆற்றலின் எல்லையை அவனுக்கே உணர்த்துகிறாள்.

போ, வெளியே மடிந்த ஏழைகளை நகைக்கவில்லை. காக்கவேண்டிய குடிகளைக் கைவிட்டுக் களித்தவன்மேலேயே அவருடைய நகை விழுகிறது. முடிவில் அவர் கையாளும் இரவுத் திருடன் என்னும் உவமை, தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை நினைப்பூட்டுகிறது. பவுல் அவ்வுவமைக்குப்பின் ஒருவரையொருவர் தேற்றும்படி சபைக்குச் சொல்கிறார். பிராஸ்பரோவின் மண்டபத்தில் இல்லாதது அதுவே.

2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில் செங்கோட்டையை அடுத்த புளியரை எல்லையிலும் போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டது. அத்தகைய தடையை இக்கதை பழிக்கிறதென்று கொள்ளலாகாது. பிறருயிரையும் காக்க அடைக்கும் கதவு வேறு. பிறரைச் சாகவிட்டுத் தன்னை மட்டும் காக்க அடைக்கும் கதவு வேறு.

ஆகவே, அடக்க ஆராதனையில் இக்கதையை எடுத்தாளும் போதகர், ‘ஒருவரும் தப்பமுடியாது’ என்று அச்சுறுத்துவதோடு நின்றால், கதையின் பாதியையே சொன்னவராவார். சாவு வருமுன் நம் கதவு யாருக்கு அடைபட்டிருந்தது என்னும் கேள்வியே மறுபாதி.