ஜிகர்தண்டாவும் உள்வெளிக் கொழுக்கட்டையும்

நியூஜெர்சியிலிருந்து அக்கா மகளின் குரல் செய்தி: "மாமா, ஊர்ல கல்யாணத்துக்குப் போட்டேன்ல, அந்தப் பட்டு லெஹங்கா, ஆரி ஒர்க் பிளவுஸ்… விளக்குத்தூண்கிட்ட ஜிகர்தண்டா குடிச்சப்ப ரெண்டுலயும் கொட்டிருச்சு. இங்க டிரை கிளீனிங் கடைல எல்லாம் 'ஆர்கானிக்'னு போர்டு வச்சிருக்காங்க. யாரை நம்பிக் குடுக்குறது?"

முதலில் அந்த போர்டை நம்பாதே என்றேன். ஆர்கானிக் என்றதும் வேப்பிலையும் சீயக்காயும் நினைவுக்கு வரும். வேதியியலிலோ கரிமச் சேர்மம் என்றாலே ஆர்கானிக்தான். பெட்ரோலும் அதில் அடக்கம். உலகெங்கும் உலர்சலவை எந்திரங்களில் ஓடிய பெர்குளோரோஎத்திலீனும் அடக்கம். இந்தப் 'பெர்க்' மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு மிகுந்தது என்று 2ஏ பிரிவில் வைக்கப்பட்ட பொருள். சலவைக் கடைகளிலிருந்து இதைப் பத்தாண்டுகளில் படிப்படியாக விலக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் விதி வெளியிட்டது.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. நியூயார்க்கில் தையல் கடை வைத்திருந்த தாமஸ் ஜென்னிங்ஸ் என்ற கறுப்பினத்தவர் 1821இல் ஓர் உலர்சலவை முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1836இல் காப்புரிமை அலுவலகமே எரிந்து போனதால் அவர் செய்த வித்தை என்னவென்று இன்று யாருக்கும் தெரியாது. பிறகு டர்பன்டைன், பெட்ரோல் என்று போய், கடைகள் தீப்பிடித்து, தீப்பற்றாத பெர்க்கில் வந்து நின்றார்கள். நம்மூரில் 'பெட்ரோல் வாஷ்' என்ற பேச்சு மட்டும் இன்னும் தேயவில்லை. போதும்.

உலர்சலவையில் துணி உலர்ந்தே இருப்பதில்லை, சொட்டச் சொட்ட நனைகிறது. நனைப்பது தண்ணீர் அல்ல, பெர்க் போன்ற கரைப்பான், அவ்வளவுதான். தண்ணீர் பட்டிழைக்குள் நுழைந்து அதை உப்ப வைக்கும், சாயத்தைக் கிளப்பும், காய்ந்ததும் பட்டு சுருங்கி நிற்கும். கரைப்பானுக்கு இழைக்குள் வேலையில்லை. மேலே ஒட்டிய எண்ணெய்ப் பசையை மட்டும் வாரிக்கொண்டு போகும்.

வில்லங்கம் ஜிகர்தண்டாவில் இருக்கிறது. பாலாடையின் கொழுப்பு கரைப்பானோடு போய்விடும். நன்னாரி சர்பத்தின் சர்க்கரை போகாது. அது தண்ணீரில்தான் கரையும். தண்ணீரே இல்லாத தொட்டியில் சர்க்கரையை எப்படிக் கரைப்பது?

இங்கேதான் எனக்குப் பிடித்த வித்தை. சோப்பு மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். வீட்டு வாளியில் வால்கள் உள்நோக்கி மடங்கி எண்ணெயைப் பொதிந்துகொள்ளும். கரைப்பானில் சோப்பையும் சிறிது தண்ணீரையும் கலந்தால் எல்லாம் தலைகீழ்: தலைகள் உள்ளே, வால்கள் வெளியே, நடுவில் துளியினும் துளியாகத் தண்ணீர். அதாவது கொழுக்கட்டை. மாவுத்தோல் சோப்பு, பூரணம் தண்ணீர். சில நானோமீட்டர் அளவேயான கோடிக்கணக்கான கொழுக்கட்டைகள் துணியைச் சுற்றி மிதக்கின்றன. சர்க்கரை கரைந்து பூரணத்துக்குள் புகுந்ததும் அசல் இனிப்புக் கொழுக்கட்டையே ஆகிவிடுகிறது. பிள்ளையாருக்குப் படைக்க முடியாது என்பதுதான் குறை. மாவு குறைந்து பூரணம் மிகுந்தால் கொழுக்கட்டை வெடிக்குமே, அதுவும் இங்கே உண்டு. தண்ணீர் அளவு மீறினால் தோலுக்குள் அடங்காமல் வெளியேறிப் பட்டைப் பிடித்துக்கொள்ளும். எதையெல்லாம் தவிர்க்கத் தண்ணீரை விலக்கினோமோ அதெல்லாம் நடந்துவிடும்.

அதனால் கொழுக்கட்டையால் ஆகிற வேலைக்கு ஓர் எல்லை உண்டு. சர்க்கரைக் கறையை எந்திரத்தில் போடும் முன்பே, அந்த இடத்தில் மட்டும் கையால் பார்த்து எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் காய்ந்த சர்க்கரை முதலில் கண்ணுக்கே தெரியாது. இஸ்திரிச் சூடு பட்டதும் பாகு காய்ச்சிய நிறத்தில் எழுந்து வரும். வாடிக்கையாளர், கடைக்காரர்தான் கறையாக்கிவிட்டார் என்று சண்டைக்குப் போவார்.

பிளவுஸ் இன்னொரு கண்ணி. ஜெலட்டின் சமிக்கி தண்ணீரில் கரையும். பாலிஸ்டைரீன் மணி பெர்க்கில் இளகும். பசை வைத்து ஒட்டிய கல் கரைப்பானில் கழன்று விழலாம். லேபிள் இருந்தால் வட்டத்துக்குள் 'பி' என்றால் பெர்க் ஆகும், 'எஃப்' என்றால் பெட்ரோலிய வகைதான் ஆகும். நம் டெய்லர் தைத்ததில் லேபிளுக்கு எங்கே போவது?

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். என்ன கொட்டியது, எப்போது கொட்டியது என்று கடைக்காரர் கேட்கிறாரா? மணிகளைத் திருப்பிப் பார்த்து, உள்தையலில் ஓர் ஓரத்தில் சோதிக்கிறேன் என்கிறாரா? திரும்பி வரும் துணியில் மருந்து வாடை இல்லாமல் இருக்கிறதா? போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நேற்றுப் பதில் வந்தது. மூன்றாவது கடைக்காரர் கேட்டாராம். பால், சர்க்கரை, நன்னாரி, ஐஸ்கிரீம், பாதாம் பிசின் என்று இவள் ஒப்பித்திருக்கிறாள். அத்தனையையும் சீட்டில் எழுதிக்கொண்டு, மரத்துப் பிசினையா குடித்தாய் என்று மறுபடி கேட்டாராம்.

அவரிடமே கொடுத்துவிடு என்று சொல்லியிருக்கிறேன்.